உலகம் காதில் வாங்காத குரல்: யார் இந்த ஷ்முல் ஜிகெல்போய்ம்?

1943 மே 12. லண்டனில் 48 வயது அரசியல்வாதி ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். பெயர், ஷ்முல் ஜிகெல்போய்ம். போலந்தின் நாடு கடந்த அரசோட தேசிய கவுன்சில் உறுப்பினர். பதவி இருந்தும், பாதுகாப்பான ஊரில் இருந்தும் அவர் ஏன் இந்த முடிவுக்குப் போனார்?

கையுறைத் தொழிலாளி டு கவுன்சிலர்

1895-ல் போலந்தில் ஓர் ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பத்து வயது வாக்கில் வேலைக்குப் போய், கையுறை தைக்கக் கற்றார். 'பண்ட்' என்ற யூத சோஷலிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். யூதர்கள் வேறு நாடு தேடிப் போக வேண்டாம், பிறந்த மண்ணிலேயே சம உரிமை வேண்டும் என்பதுதான் அதன் கொள்கை. தொழிற்சங்கத் தலைவராக வளர்ந்து வார்சாவிலும், பிறகு வூட்ஜ் நகரிலும் மாநகராட்சி உறுப்பினரானார்.

தப்பிய கதை

1939-ல் நாஜிப் படைகள் வார்சாவைப் பிடித்தன. நகரின் முக்கியஸ்தர்களைப் பணயமாகக் கேட்டபோது, தானாக முன்வந்து போனார் ஜிகெல்போய்ம். யூதர்களை ஒரே பகுதிக்குள் அடைக்கும் 'கெட்டோ' திட்டம் வந்தபோது, யாரும் தாமாகப் போகாதீர்கள் என்று கூட்டத்தின் முன் வெளிப்படையாகப் பேசினார். அதன்பிறகு அங்கே இருந்தால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. ஜெர்மனி வழியாகவே பெல்ஜியம் தப்பி, பிரான்ஸ், நியூயார்க் என்று அலைந்து 1942-ல் லண்டன் வந்தார். மனைவி மான்யாவும் மகன் துவியாவும் வார்சாவிலேயே மாட்டிக்கொண்டார்கள்.

7 லட்சம் பேர்

அதே ஆண்டு பண்ட் கட்சியின் ரகசிய அறிக்கை லண்டனுக்கு வந்தது. போலந்தில் 7 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டுவிட்டார்கள் என்றது அது. ஜிகெல்போய்ம் பத்திரிகைகளிடம் போனார். பிபிசி ரேடியோவில் பேசினார். பலருக்கு நம்பவே முடியவில்லை. நம்பியவர்களும் போரில் ஜெயிப்பதுதான் ஒரே வழி என்று ஒதுங்கினார்கள்.

டிசம்பரில் யான் கார்ஸ்கி என்ற போலந்து தூதர், கெட்டோவை நேரில் பார்த்துவிட்டு வந்து அவரைச் சந்தித்தார். வெளியே இருக்கும் யூதத் தலைவர்கள் நேச நாட்டு அலுவலகங்கள் முன் சாகும்வரை பட்டினி கிடக்க வேண்டும் என்பதுதான் உள்ளே இருந்தவர்கள் சொல்லி அனுப்பிய செய்தி.

ஒரே நாள், இரண்டு காட்சிகள்

1943 ஏப்ரல் 19. வார்சா கெட்டோவில் யூதர்கள் ஆயுதம் ஏந்திக் கிளர்ந்தார்கள். அதே நாளில் பெர்முடா தீவில் அகதிகள் பிரச்சினை பற்றி பிரிட்டனும் அமெரிக்காவும் மாநாட்டைத் தொடங்கின. உருப்படியான மீட்புத் திட்டம் எதுவும் இல்லாமலே அது முடிந்தது. மான்யாவும் துவியாவும் கெட்டோவில் உயிரிழந்தார்கள்.

கடைசிக் கடிதம்

போலந்து அதிபருக்கும் பிரதமருக்கும் அவர் எழுதிய கடிதத்தில் தனிப்பட்ட புலம்பல் இல்லை. கொலைக்கு முதல் பொறுப்பு நாஜிக்கள். தடுக்க முயலாத நேச நாடுகளுக்கும், மொத்த மனித குலத்துக்கும் அதில் மறைமுகப் பங்கு உண்டு என்றார். தன் மரணம் அந்த மௌனத்துக்கு எதிரான போராட்டம் என்பதே அதன் சாரம்.

கடிதம் பத்திரிகைகளில் வந்தது. ஆனா நேச நாடுகளின் கொள்கை மாறவில்லை, கொலைகளும் நிற்கவில்லை. போர் முடிவதற்குள் போலந்தின் சுமார் 30 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டிருந்தார்கள். அந்தக் கொலைகள் நடந்துகொண்டிருந்தபோதே உலகத்துக்குத் தகவல் தெரியும் என்பதற்கு, ஜிகெல்போய்மின் வாழ்க்கையே சாட்சி.