கடைசி பிளேட்

லேண்ட்ஸ்கேப் போட்டோகிராபின்னா முதல்ல ஞாபகம் வர்ற பெயர் ஆன்சல் ஆடம்ஸ். 1902-ல் சான்பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். 1916-ல் குடும்பத்தோடு யோசெமிட்டி போனப்போ அப்பா அம்மா ஒரு கோடாக் பிரௌனி கேமரா தந்தாங்க. பியானோ கலைஞராக ஆசைப்பட்டவரின் பாதை அங்கேதான் மெல்ல மாற ஆரம்பிச்சது.

1927 ஏப்ரல் 10. பெரிய வியூ கேமரா, கனமான மர ட்ரைபாட், 12 கண்ணாடி பிளேட் எல்லாத்தையும் சுமந்துகிட்டு பனியில் மலை ஏறினார். ஹாஃப் டோம் பாறை எதிரே வந்தப்போ மிச்சம் 2 பிளேட்தான். மஞ்சள் ஃபில்டர் போட்டு ஒண்ணு எடுத்தார். வானம் வெளிறிப் போயிடும்னு தோணுச்சு. கடைசி பிளேட்டுக்கு அடர்சிவப்பு ஃபில்டர் போட்டார். அது நீல ஒளியைத் தடுத்து வானத்தைக் கருப்பாக்கும். ஆனா உள்ளே வர்ற வெளிச்சமும் குறையும். அதனால ஷட்டர் 5 விநாடி திறந்திருக்கணும். அதுக்குள்ள ட்ரைபாட் கொஞ்சம் ஆடினாலும் படம் காலி. ஆடலை. அதுதான் 'மோனோலித்', அவர் புகழுக்கு அடித்தளம் போட்ட படம்.

அவர் 1984-ல் மறைந்தார். ட்ரைபாடும் ஃபில்டரும் வாங்கப் போறவங்க அவர்கிட்ட கத்துக்கலாம்: எந்தப் படம் வேணும்னு முதல்ல முடிவு பண்ணுங்க. எந்தக் கருவி வேணும்ங்கிறதை அந்தப் படமே சொல்லும்.