காலத்தைக் கைக்கொண்ட குணங்குடியார்

வடசென்னைக் கடற்கரை துறவியர் இருவரின் அடக்கத்தலங்களைத் தன்னகத்தே கொண்டது. திருவொற்றியூரில் பட்டினத்தார், இராயபுரத்தில் குணங்குடி மஸ்தான் சாகிபு (ரஹ்). ஒருவர் சைவநெறி நின்றவர். மற்றவர் இஸ்லாமிய ஞானநெறி நின்றவர். காலத்தாலும் சமயத்தாலும் வேறுபட்ட இவ்விருவரையும் ஒரே கரை ஏற்றுக்கொண்டது.

அக்கரையின் தோற்றம் இன்று முற்றிலும் மாறிவிட்டது. துறைமுகங்களும் ஆலைகளும் அனல் மின் நிலையங்களும் எழுந்துள்ளன. வள்ளூர் அனல் மின் நிலையத்தின் மூன்று அலகுகளும் சேர்ந்து 1500 மெகாவாட் திறன் உடையவை. இரவும் பகலும் இயங்கும் இத்தகைய தொழிற்கூடங்களில் மனிதனின் நாள் ஷிப்டுகளாகப் பகுக்கப்படுகிறது. எஞ்சிய நேரத்தைக் கைப்பேசியும் தொலைக்காட்சியும் பங்கிட்டுக் கொள்கின்றன. தமக்கென ஒரு நாழிகையும் வாய்க்கவில்லையே என்று ஏங்குவோர் நம் குடும்பங்களிலேயே உளர். இந்நிலையில், தம் நாளைத் தாமே ஆண்ட ஒருவரின் வரலாற்றை நினைவுகூர்வது நமக்குப் பயன் தருவதாகும்.

பிறப்பும் கல்வியும்

இராமநாதபுரச் சீமையில், தொண்டிக்கு அருகே உள்ள குணங்குடி என்னும் சிற்றூரில் 1792ஆம் ஆண்டு அவர் பிறந்தார். தந்தையார் நயினார் முகம்மது, தாயார் பாத்திமா. பெற்றோர் இட்ட பெயர் சுல்தான் அப்துல் காதிர் என்பதாகும். அதே 1792இல்தான் சென்னை நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியார் வானாய்வுக் கூடம் ஒன்றை நிறுவினர். அக்கூடம் கணித்த சென்னை நேரமே பிற்காலத்தில் இந்திய இரயில்களின் பொது நேரமாகவும் வழங்கியது. காலத்தை நொடிக்கணக்கில் அளக்கும் முயற்சி சென்னையில் வேரூன்றிய ஆண்டில், காலத்தை எதன்பொருட்டுச் செலவிடுவது என்று வாழ்ந்து காட்டப்போகும் ஒரு குழந்தை தெற்கே பிறந்தது எனலாம்.

இளமையில் கீழக்கரை சென்று, தைக்கா சாகிபு எனப் போற்றப்பெற்ற ஷெய்கு அப்துல் காதிர் லெப்பை ஆலிம் அவர்களிடம் அரபு மொழியும் மார்க்கக் கல்வியும் பயின்றார். தமிழிலும் ஆழ்ந்த புலமை எய்தினார். தாயுமானவரின் பாடல்கள் அவர் உள்ளத்தைப் பெரிதும் ஈர்த்தன என்பதை அவருடைய கண்ணிகளின் அமைப்பே காட்டும்.

துறந்தவையும் கொண்டவையும்

வீட்டார் அவருக்கு மாமன் மகளை மணமுடிக்க விழைந்தனர். அவர் அதற்கு இசையவில்லை. ஊரையும் உறவையும் விட்டு வெளியேறினார். 1813இல் திரிசிரபுரம் சென்று, மௌலவி ஷாம் சாகிபு அவர்களிடம் தீட்சை பெற்று, காதிரிய்யா ஞானவழியில் நின்றார். பின்னர்த் திருப்பரங்குன்றம் மலையில் நாற்பது நாள் தனித்திருந்து தவம் இயற்றினார். மலைகளையும் காடுகளையும் நாடித் திரிந்த காலமும் உண்டு. இறைக்காதலில் தம்மை மறந்த அவரை மக்கள் மஸ்தான் என்று அழைத்தனர். பாரசீக மொழியில் அச்சொல்லின் அடிப்பொருள் மயக்கம் என்பதாகும். அவரைப் பித்தர் என்று எண்ணி ஒதுங்கியவர்களும் இருந்தனர் என்பர்.

ஈண்டு ஒரு வினா எழும். இஸ்லாம் துறவறத்தை விதிக்கவில்லை. இல்லறமே பெருமானார் (ஸல்) அவர்களின் வழிமுறை. அவ்வாறாயின், மணத்தையும் மனையையும் விட்ட ஒருவரின் வாழ்வு, குடும்பத்தாராகிய நமக்கு எங்ஙனம் முன்மாதிரியாகும்? நம் பெரியோர்கள் கேட்கும் இவ்வினா நியாயமானதே. இதனைத் தவிர்த்துவிட்டு அவரைப் புகழ்வதால் பயனில்லை.

அவருடைய வாழ்வைக் கூர்ந்து நோக்கின் விடை புலப்படும். அவர் மேற்கொண்ட தனிமைக்கு ஓர் எல்லை இருந்தது. நாற்பது நாள் என்று வரையறுத்துக் கொண்டது சூஃபிகளின் மரபு. அந்நாள்கள் கழிந்ததும் மலையைவிட்டு இறங்க வேண்டும். குணங்குடியாரும் இறங்கினார். மலை அவருக்குப் பயிற்சிக் களமாயிற்று, வாழிடமாகிவிடவில்லை. இம்முறை இல்லறத்தாருக்கும் அயலானதன்று. ரமளான் மாதத்தின் இறுதிப் பத்து நாள்களில் பள்ளிவாசலில் தங்கி இஃதிகாப் இருக்கும் வணிகரும் தொழிலாளரும் அதே மரபின் சிறு வடிவத்தையே பின்பற்றுகின்றனர். பத்து நாள் சந்தையை மறந்து இருந்தவர், பதினோராம் நாள் சந்தைக்குத் திரும்பும்போது புதிய கண்ணோடு திரும்புகிறார்.

இராயபுரத்து வாழ்வு

பல தலங்களைக் கண்டபின் அவர் சென்னையை அடைந்தார். இராயபுரத்தில் பாவா லெப்பை என்பாருக்கு உரிய, முட்புதர் மண்டிய நிலத்தில் தங்கினார். லெப்பைக் காடு என வழங்கிய அவ்விடமே அவருடைய தவச்சாலையாயிற்று. கோட்டையும் கப்பல் வணிகமும் செழித்திருந்த நகரின் அருகிலேயே, எந்த உடைமையும் இன்றி அவர் வாழ்ந்தார் என்பது நோக்கத்தக்கது. ஊரைவிட்டு ஓடுவதே எளிமை என்று அவர் கருதியிருப்பின் சென்னைக்கு வந்திருக்க மாட்டார்.

அங்கே அவரை நாடி வந்தவர் பலர். இஸ்லாமியரும் இந்துக்களும் அவரிடம் பாடம் கேட்டனர். 1830இல் திருக்குறளை உரையோடு பதிப்பித்த திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர், குணங்குடியார் மீது நான்மணிமாலை பாடினார். செல்வமோ பதவியோ இல்லாத ஒருவரைத் தேடி அக்காலப் பெரும்புலவர்கள் வந்தது எதற்காக? நேரத்தைப் பிறர்க்கு முழுமையாக அளிக்கவல்லவர் அவர் ஒருவராகவே இருந்தார் என்பது நம் கருத்து. வேண்டாதவற்றை விட்டவருக்கே வேண்டியவர்க்குக் கொடுக்க நேரம் எஞ்சுகிறது.

அவர் பாடிய பாடல்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. அவற்றுள் துறவு நிலை, நியம நிலை, தியான நிலை எனத் தலைப்பிட்ட பகுதிகள் உள்ளன. இவ்வரிசை சிந்திக்கத்தக்கது. விடுவதைக் கூறும் துறவை அடுத்து, ஒழுங்கான பழக்கத்தைக் கூறும் நியமம் இடம்பெறுகிறது. அதன்பின்பே தியானம். வீண்பழக்கத்தை விட்டுவிட்டால் மட்டும் போதாது. காலியான இடத்தில் நல்ல பழக்கம் ஒன்றை நடவேண்டும். இல்லையேல் பழையதே மீண்டும் முளைக்கும். எக்காலக் கண்ணி என்னும் பகுதியில் ஒவ்வொரு கண்ணியும் அந்த நற்காலம் எப்போது வாய்க்கும் என்னும் ஏக்கத்தோடு முடிகிறது. காலத்தைப் பற்றிய கவலை அவருக்கும் இருந்தது. ஆனால் அது பொருளீட்டுவோரின் கவலையன்று.

1838ஆம் ஆண்டு குணங்குடியார் மறைந்தார். ஐம்பது ஆண்டுகளும் நிறையாத வாழ்வு அது. இராயபுரத்தில் அவர் வாழ்ந்த இடத்திலேயே அடக்கமும் அமைந்தது. அங்குள்ள தர்காவுக்கு எல்லாச் சமயத்தாரும் வருகின்றனர். தொண்டியார் வாழ்ந்ததால் தண்டையார்பேட்டை என்ற பெயர் எழுந்தது என்று கூறுவோர் உளர். கிழக்கிந்தியக் கம்பெனியார் 1693இல் பெற்ற ஊர்களுள் தண்டையார்பேட்டையும் ஒன்றாகலின், அப்பெயர் அவர் பிறப்பிற்கு முந்தியது. பெற்றோர் இட்ட பெயரையே விட்டவருக்கு ஓர் ஊரின் பெயரால் பெருமை சேர்க்க வேண்டுவதில்லை.

நாம் கொள்ளத்தக்கது

அவர் மறைந்த பதினெட்டாம் ஆண்டில், 1856இல், தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் அதே இராயபுரத்திலிருந்து புறப்பட்டது. அன்று தொடங்கிய மணிக்கணக்கு இன்று நம் அடுப்படிவரை வந்துவிட்டது. அதனை நாம் விலக்க இயலாது, விலக்கவும் வேண்டுவதில்லை. இரவுப் பணி முடித்து வரும் தந்தையிடமும், விடியலில் மீன் ஏலத்திற்குச் செல்லும் தாயிடமும் எளிமையைப் பற்றி உபதேசிப்பது தகாது. அவர்கள் வாழ்வது வறுமை கற்பித்த சிக்கனம். குணங்குடியார் வாழ்ந்தது தாமே தெரிந்துகொண்ட எளிமை. இரண்டையும் ஒன்றெனக் கூறுவது உழைப்பவருக்கு இழைக்கும் அநீதியாகும்.

ஆனால் மாணவச் செல்வங்களே, அவர்களுடைய உழைப்பால் உங்களுக்குக் கிடைத்திருக்கும் ஓய்வு உங்கள் கையில் உள்ளது. அது பெற்றோர் தம் நேரத்தை விற்று உங்களுக்கு வாங்கித் தந்த நேரம். அதனை எவ்வாறு செலவிடுகிறீர்கள் என்பதே கேள்வி. நாளில் ஐந்து வேளைத் தொழுகை நமக்கு ஐந்து நிறுத்தங்களைத் தந்துள்ளது. ஒவ்வொன்றின் முடிவிலும் எழுமுன் ஒரு கணம், கழிந்த நேரம் எதற்குச் சென்றது என்று எண்ணிப் பார்க்கலாம். நாற்பது நாள் ஒரு வீண்பழக்கத்தை விட்டு, அவ்விடத்தில் ஒரு நூலையோ, ஒரு கைத்தொழிலையோ, வீட்டுப் பெரியவரோடு பேசும் அரைமணி நேரத்தையோ வைக்கலாம். மலைக்குச் செல்ல வேண்டுவதில்லை. மணமும் மனையும் துறக்க வேண்டுவதில்லை.

திருமறையின் அல்அஸ்ர் அத்தியாயம் காலத்தையே சான்றாக வைத்துத் தொடங்குவதை நாம் அறிவோம். இராயபுரத்து முட்புதரிடையே வாழ்ந்த அம்மகான் அச்சான்றுக்குத் தம் வாழ்வால் விடையளித்துச் சென்றார். நம் விடையை நாமே எழுதியாக வேண்டும். அதற்குரிய மன உறுதியை வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக.