தாயகத்தை மறவாத துறவி – புனித கொலும்பா

ஆண்டுதோறும் ஜூன் 9-ந் தேதி புனித கொலும்பாவின் திருநாள் வருகின்றது. அவருடைய சரித்திரத்தை வாசிக்கும் நமக்கு ஒரு கேள்வி எழுவது இயல்பு. ஆண்டவருக்காக வீட்டையும் நாட்டையும் துறந்த ஒருவர், தாம் பிறந்து வளர்ந்த மண்ணை நினைத்து ஏங்கலாமா? அது துறவுக்கு இழுக்கல்லவா? இக்கேள்விக்கு அவருடைய வாழ்க்கையே பதில் சொல்கின்றது.

அயர்லாந்தின் வடமேற்கில், டோனிகால் மலைநாட்டில், கார்த்தான் என்னும் ஏரிக்கரை ஊரில் 521-ஆம் ஆண்டளவில் அவர் பிறந்தார். தந்தை பெதல்மித் அரச குலத்தவர், தாய் ஏத்னே. அந்நாட்டுக் கோடை சுட்டெரிக்கும் கோடையல்ல. ஒரு நாளிலேயே மேற்குக் கடலிலிருந்து மேகம் வரும், தூறல் விழும், மீண்டும் இளவெயில் அடிக்கும். ஜூன் மாதத்தில் இரவு 10 மணிக்கும் வானத்தில் வெளிச்சம் இருக்கும். மலைச்சரிவெல்லாம் பசுமை, ஏரியில் மலையின் நிழல். அந்த ஏரிக்கரைதான் அவர் பிறந்த மண்.

அக்கால அயர்லாந்தில் உயர்குடிப் பிள்ளைகளைப் பிறர் வீட்டில் வளர்க்க விடுவது வழக்கம். கொலும்பாவை வளர்த்தவர் குருயித்னெகான் என்னும் குருவானவர். ஒருநாள் பூசை முடிந்து வீடு திரும்பிய அவர், உறங்கிக்கொண்டிருந்த சிறுவனின் முகத்துக்கு மேலே ஒளிப்பிழம்பு நின்றதையும், வீடு முழுவதும் ஒளிர்ந்ததையும் கண்டு நடுங்கினாராம். புனிதரின் சரித்திரத்தை எழுதிய அதம்னான் இதைக் கூறுகிறார். இவர் அயோனா மடத்தின் ஒன்பதாவது மடாதிபதி, 704-ல் மரித்தவர்.

கொலும்பா குருவானார், மடங்களை நிறுவினார். டெர்ரி, டரோ என்னும் இரு மடங்களின் பெயரிலும் ஓக் மரம் இருக்கிறது. முன்னது ஓக் தோப்பு; பின்னது ஓக் சமவெளி. டெர்ரியின் மரங்களை வெட்ட அவருக்கு மனம் வராது என்று அயர்லாந்து மக்கள் வழிவழியாகச் சொல்லி வந்தனர்.

561-ல் ஸ்லைகோவுக்கு அருகே பெரும் போர் மூண்டது. கொலும்பா பிரதி எடுத்த ஒரு சங்கீதப் புத்தகத்தைப் பற்றிய வழக்கே அதற்குக் காரணம் என்பது செவிவழி மரபு. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 563-ல், தமது நாற்பத்திரண்டாம் வயதில், 12 தோழர்களுடன் கடல் கடந்து ஸ்காட்லாந்தின் மேற்கே உள்ள அயோனா என்னும் சிறு தீவுக்குச் சென்றார். அயர்லாந்து கண்ணில் படாத இடமே வேண்டும் என்று குன்றேறிப் பார்த்த பின்னரே அங்குத் தங்கினார் என்பது பிற்காலக் கதை. அக்குன்றுக்கு அயர்லாந்துக்கு முதுகு காட்டிய குன்று என்றே பெயர். ஆயினும் மடங்களின் அலுவலாக அவர் தாயகம் சென்று வந்ததை அதம்னான் குறிப்பிடுகிறார். அவர் கடந்தது கடலை; தம் அன்பையல்ல.

அந்த அன்பு எப்படிப்பட்டது என்பதை ஒரு நாரையின் கதை காட்டுகிறது. ஒருநாள் அவர் ஒரு சகோதரரை அழைத்து, மூன்றாம் நாள் பிற்பகலில் தீவின் மேற்குக் கரையில் காத்திருக்கச் சொன்னார். அயர்லாந்தின் வடபகுதியிலிருந்து காற்றில் அலைக்கழிந்து ஒரு நாரை வந்து விழும்; அதை மெல்லத் தூக்கி அருகிலுள்ள வீட்டில் வைத்து, மூன்று நாளும் மூன்று இரவும் பசியாற்றிப் பேண வேண்டும் என்றார். அது நம் தாயகத்துப் பறவை என்பதே அவர் சொன்ன காரணம். அவ்வாறே நடந்தது. களைப்பு நீங்கிய நாரை மேலெழுந்து, வழி பார்த்து, தெளிந்த வானிலையில் கடல் மீது நேராக அயர்லாந்தை நோக்கிப் பறந்து போயிற்று.

அது வந்த வடபகுதிதான் கார்த்தான் ஏரி இருக்கும் பகுதி. பறவை திரும்பிப் போயிற்று. துறவி தீவிலேயே தங்கினார். தம் ஏக்கத்தை அவர் அழிக்கவுமில்லை, அதற்கு அடிமையாகவுமில்லை. களைத்து வந்த ஓர் உயிருக்குக் காட்டிய இரக்கமாக அதை மாற்றினார். இதுவன்றோ துறவு!

597-ஆம் ஆண்டு மே மாதத்தில், முதுமையால் தளர்ந்த அவர் வண்டியிலேறி, தீவின் மேற்கே வயலில் உழைத்த சகோதரர்களைக் கண்டு ஆசீர்வதித்தார். ஜூன் 8, சனிக்கிழமை. களஞ்சியத்துத் தானியத்தை ஆசீர்வதித்துத் திரும்பும் வழியில் இளைப்பாற உட்கார்ந்தார். பால் சுமக்கும் வெள்ளைக் குதிரை வந்து அவர் மார்பில் தலை வைத்துக் கண்ணீர் விட்டது. ஊழியர் தியர்மாத் அதை விரட்ட முயன்றார், புனிதர் தடுத்துவிட்டார். பின்னர் குடிலில் சங்கீதம் எழுத அமர்ந்தார். ஆண்டவரைத் தேடுவோருக்கு எந்த நன்மையும் குறைவுபடாது என்னும் பொருளுள்ள வசனத்தோடு நிறுத்தி, எஞ்சியதைப் பைத்தேன் எழுதட்டும் என்றார். நள்ளிரவு மணி ஒலித்ததும் கோவிலுக்கு விரைந்து, பீடத்தின் முன் உயிர் நீத்தார். அடக்கச் சடங்கின் மூன்று நாளும் மழையில்லாப் பெருங்காற்று வீசியதால் வெளியூரார் எவரும் கடல் கடந்து வர இயலவில்லை. அடக்கம் முடிந்ததும் காற்று ஓய்ந்தது, கடல் அமைதியுற்றது.

கார்த்தானில் அவர் பெயரால் ஒரு கல் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் பிழைப்புக்காகக் கப்பலேறிய ஏழை மக்கள், புறப்படுமுன் ஓர் இரவு அதன்மேல் படுத்து எழுவர். ஊர் ஏக்கம் தங்களை வாட்டாது என்பது அவர்கள் நம்பிக்கை. அதே வேதனையை அறிந்த புனிதரிடமே அவர்கள் அடைக்கலம் தேடினர்.

பிறந்த ஊரை விட்டுத் தூரத்தில் உழைப்போர் நம்மிலும் உண்டு. ஊரின் நினைவு வரும்போது நாம் வெட்கப்பட வேண்டியதில்லை. அந்நினைவு நம்மைப் புலம்ப வைக்கின்றதா, அல்லது களைத்து வருவோருக்குக் கதவு திறக்க வைக்கின்றதா என்று மட்டும் நம்மையே கேட்டுக்கொள்வோம்.

புனித கொலும்பாவே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.