பல்லாவரம் கல் முதல் எழும்பூர் மியூசியம் வரை: யார் இந்த ராபர்ட் புரூஸ் ஃபூட்?

செங்கல்பட்டு - கடற்கரை மின்சார ரயிலில் தினமும் பல்லாவரத்தைத் தாண்டிப் போகிறவர்கள் ஏராளம். இந்தியாவில் மனிதர்கள் எவ்வளவு காலமாக வாழ்கிறார்கள் என்ற கணக்கையே மாற்றிய ஒரு கல் இந்த ஊரில்தான் கிடைத்தது. அதைக் கண்டெடுத்தவர் ராபர்ட் புரூஸ் ஃபூட்.

பாறை பார்க்க வந்தவர்

1834-ல் இங்கிலாந்தில் பிறந்த ஃபூட், 1858-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். தென்னிந்தியாவில் எங்கே என்ன பாறை, என்ன மண் என்று வரைபடம் போடுவதுதான் அவர் வேலை. தொல்லியல் அதில் இல்லவே இல்லை.

1863 மே 30. பல்லாவரத்தில் செம்மண் சரளை தோண்டிய குழி ஒன்றில் ஒரு கல் அவர் கண்ணில் பட்டது. வெறும் கல் இல்லை, மனிதன் செதுக்கிய கைக்கோடரி! அதே ஆண்டு செப்டம்பரில், நண்பர் வில்லியம் கிங்குடன் சேர்ந்து பூண்டிக்குப் பக்கத்தில் அத்திரம்பாக்கத்திலும் இதேபோன்ற கருவிகளைக் கண்டுபிடித்தார். அங்கு பின்னாளில் நடந்த ஆய்வில், பழைய கருவிகளுக்கு சுமார் 15 லட்சம் வருட வயது என்று 2011-ல் தெரியவந்தது.

கல்லோடு குறிப்பும்

பல்லாவரத்தோடு ஃபூட் நிற்கவில்லை. இன்றைய தமிழ்நாடு, ஆந்திரா, கர்நாடகா, குஜராத் என்று போன இடமெல்லாம் கல் கருவிகளையும் பானை ஓடுகளையும் சேகரித்தார். எந்த ஊர், எந்த மண்ணடுக்கு என்றும் கவனமாகக் குறித்து வைத்தார். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் கைக்கோடரியும் வெறும் அலங்காரப் பொருள்தான். 1891-ல் ஓய்வு பெற்ற பிறகும் தேடல் நிற்கவில்லை. கடைசிக் காலத்தில் ஏற்காட்டில் குடியிருந்தார்.

1904-ல் என்ன நடந்தது?

சுமார் 40 வருடச் சேகரிப்பு. இப்படிப்பட்ட தனியார் சேகரிப்புகள், உரியவர் போன பிறகு வாரிசுகளிடம் பிரிந்து போவதும், ஏலத்தில் சிதறுவதும் சகஜம். ஃபூட் விஷயத்தில் அப்படி நடக்கவில்லை. அவருக்கு 70 வயது நெருங்கிய 1904-ல், மொத்தச் சேகரிப்பும் சென்னை அரசு அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. ஒவ்வொரு பொருளையும் விவரிக்கும் பட்டியலையும் அவரே தயாரித்தார். ஆனால் அது அச்சாகி வந்ததை அவர் பார்க்கவில்லை. 1912 டிசம்பரில் காலமானார். பட்டியல் 1914-லும் அதன் தொடர்ச்சி 1916-லும் வெளியாயின. நூறு வருடம் கழித்தும் ஆய்வாளர்கள் அந்தப் பட்டியலைப் பிடித்துக்கொண்டு அதே இடங்களுக்குப் போக முடிகிறது.

உங்கள் வீட்டில் ஏதாவது இருக்கா?

தாத்தா காலத்து ஓலைச்சுவடி, செப்பேடு, நாணயம் என்று எது இருந்தாலும் முதலில் அதன் கதையை எழுதி வையுங்கள். எங்கே கிடைத்தது, யார் கையில் இருந்தது, எப்போது வந்தது? விவரம் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது. பாலிஷ் போடுவது, ஆசிட்டில் கழுவுவது எல்லாம் வேண்டாம். மியூசியத்துக்குக் கொடுப்பதாக இருந்தால் அந்தக் குறிப்பையும் சேர்த்தே கொடுங்கள், ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒன்று கவனம்: மண்ணுக்குள் புதைந்து கிடைத்த பொருள் என்றால், 1878-ம் ஆண்டு புதையல் சட்டப்படி கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும்.