டாக்டர் சிமோன்

1896-ல் பம்பாயில் புகுந்த பிளேக் ஆயிரக்கணக்கானோரை மாய்த்தது. மறு ஆண்டு சீரமருந்து செலுத்த வந்தார் பிரெஞ்சு மருத்துவர் பால் லூயி சிமோன். நோயாளர் சிலரின் தோலில் சிறு கொப்புளங்கள், அவற்றுள் நோய்க்கிருமிகள். தெள்ளுப்பூச்சி கடித்த தடமோ என ஐயுற்றார்.

1898 ஜூனில் கராச்சியில் ஐயம் தெளிந்தது. தெள்ளு மொய்த்த நோயெலியைக் கண்ணாடிக் கலத்திலிட்டு, நலமான எலியொன்றைக் கம்பிக்கூண்டில் அடைத்து அதே கலத்தினுள் வைத்தார். எலிகள் தீண்டவில்லை, தெள்ளுகளே தாவின. இரண்டாவதும் பிளேக்கால் மாண்டது. அறிஞருலகம் நம்பவில்லை, எள்ளியோரும் உண்டு!

கறையானின் குடலில் வாழும் நுண்ணுயிர்கள் மரத்தைச் செரித்து அதற்கு ஊணளிக்கின்றன. பிளேக் கிருமியோ இடங்கொடுத்த தெள்ளின் முன்குடலையே அடைத்துவிடுகிறது. பசி தணியாத தெள்ளு மீண்டும் மீண்டும் கடிக்க, கிருமி கடிவாயிற் புகுகிறது. இந்நுட்பம் 1914-ல்தான் விளங்கிற்று. அதற்கு முன்னரே, 1905-ல் தொடங்கிய பம்பாய் ஆய்வுகள் சிமோன் கூற்றை மெய்ப்பித்திருந்தன. 1947-ல் அவர் காலமானார்.

அவர் கராச்சியில் சோதித்த அதே 1898-ல், பிளேக்கின் விளைவாக இங்கு நகரச் சீரமைப்பு டிரஸ்டு பிறந்தது. பின்னாளில் நம்மவர் திரளாகக் குடியேறிய மாதுங்காவை அகன்ற வீதிகளுடன் வகுத்தது அதுவே. அன்று டிரஸ்டு பழித்தது இருளையும் நெரிசலையும், தெள்ளை அன்று.