பாலர் இல்லம் கண்ட மரியா மாண்டிசோரி அம்மாள்



நமது சேலம் பட்டணத்திலே நாலு தெரு நடந்தால் ஒரு தெருவிலாவது மாண்டிசோரி என்ற பெயர்ப்பலகை கண்ணில் படுகிறது. உள்ளே எட்டிப் பார்த்தால் பளபளக்கும் தரை, வர்ணம் பூசிய சிறு நாற்காலிகள், கழுத்திலே டை கட்டிய குழந்தைகள். சம்பளத்தைக் கேட்டாலோ, கொலுசுப் பட்டறையிலே கூலிக்கு வேலை செய்கிற தகப்பன் வாயடைத்துத் திரும்பிவிடுவான். ஆகையால் அந்தப் பெயர் பணக்காரருக்கே உரியது என்று நீங்கள் எண்ணிக்கொண்டிருந்தால் அது உங்கள் குற்றமன்று. ஆனால் அந்தப் பெயருக்கு உடையவராகிய அம்மாள் தமது முதல் பாலர் இல்லத்தைத் திறந்தது, ரோமாபுரியிலே ஏழைக் கூலிகள் நெருக்கியடித்துக் குடியிருந்த ஒரு வீட்டின் கீழ்த்தட்டில். சேர்த்துக்கொண்டது, தாயும் தகப்பனும் வேலைக்குப் போய்விட, படிக்கட்டுகளிலே கிடந்து அழுத பிள்ளைகளை. வாங்கிய சம்பளம் ஒன்றுமில்லை. அவருடைய சரித்திரத்தை இவ்வாரம் சற்றே பொறுமையாய் வாசியுங்கள்.

மரியா மாண்டிசோரி இத்தாலி தேசத்திலே அங்கோனா நகருக்கு அருகிலுள்ள கியாராவல்லே என்ற ஊரில் 1870ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ந் தேதி பிறந்தார். கத்தோலிக்கக் குடும்பம். தகப்பனார் அலெஸாந்திரோ சர்க்கார் உத்தியோகஸ்தர்; தாயார் ரெனில்டே நிறைய வாசித்தவள். ஒரே மகள். பெண் வைத்தியம் படிக்க வேண்டுமென்று பிடிவாதம் செய்தபோது தகப்பனாருக்குச் சம்மதமில்லை. தாயார்தான் பக்கபலமாய் நின்றாள். வைத்தியக் கல்லூரியிலே பிரேதத்தை அறுத்துப் படிக்கும் பாடத்தை ஆண்களோடு சேர்ந்து ஒரு பெண் படிப்பது தகாது என்று அக்காலத்தார் நினைத்தபடியால், எல்லாரும் போனபிறகு அந்தக் கூடத்திலே தனியாய் அந்த வேலையைச் செய்தாராம். 1896இல் பட்டம் பெற்றார். இத்தாலியின் முதல் பெண் வைத்தியர் என்று பல புத்தகங்கள் எழுதுகின்றன. அது சரியன்று, அவருக்கு முன்னும் ஒரு சிலர் உண்டு. இல்லாத பெருமையைச் சேர்க்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

ரோமாபுரியின் மனநோய் ஆஸ்பத்திரியோடு அவருக்குத் தொடர்பு ஏற்பட்டது. புத்தி வளர்ச்சி குன்றிய குழந்தைகளை அக்காலத்தில் பைத்தியக்காரரோடு சேர்த்து அடைத்து வைத்திருந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் அக்குழந்தைகள் தரையிலே விழுந்து ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்கும். காவல்காரிக்கு அது அருவருப்பாயிருந்தது. மரியா அம்மாளோ சுற்றிலும் பார்த்தார். நாலு சுவரைத் தவிர அங்கே கையால் தொட்டு விளையாட ஒரு சாமானும் இல்லை. பசித்தது வயிறு அல்ல, கைகள் என்று கண்டுகொண்டார். இதார், செகென் என்னும் பிரெஞ்சு வைத்தியர் இருவரின் நூல்களைப் படித்து, மரக்கட்டைகளும் எழுத்து வடிவங்களும் செய்வித்து அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். சிலர் எழுதப் படிக்கக் கற்று, மற்றப் பிள்ளைகளோடு பரீட்சையிலும் தேறினார்கள். ஊரெல்லாம் புகழ்ந்தது. அவருக்கோ வேறு கவலை பிடித்தது: இவர்களே இவ்வளவு செய்யக்கூடுமானால், நல்ல சுகமுள்ள குழந்தைகளை நாம் என்ன செய்து இந்த நிலையில் வைத்திருக்கிறோம்?

இந்த இடத்திலே ஒரு துக்கமான காரியத்தைச் சொல்லவேண்டும். சொல்லாமல் விட்டால் சரித்திரம் பொய்யாகிவிடும். அவ்வேலையிலே அவரோடு கூட இருந்த வைத்தியர் ஒருவருக்கும் அவருக்கும் விவாகமில்லாமலே 1898 மார்ச் 31ந் தேதி ஓர் ஆண் குழந்தை பிறந்தது. மரியோ என்று பெயர். அக்காலத்து வழக்கப்படி, ஊருக்குத் தெரியாமல் குழந்தையை நாட்டுப்புறத்திலே ஒரு குடும்பத்தாரிடம் வளர்க்கக் கொடுத்துவிட்டார்கள். அந்த வைத்தியர் பின்பு வேறொரு பெண்ணை மணந்துகொண்டார். தாய் அவ்வப்போது போய்ப் பிள்ளையைப் பார்த்து வருவார். வந்து போகிற இந்த அம்மாள் யாரென்று பிள்ளைக்குச் சொல்லப்படவில்லை. அது பாவமல்லவென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பாவத்தின் பாரத்தைத் தாயும் பிள்ளையும் சுமக்க, மூன்றாமவர் தலைநிமிர்ந்து நடந்த அந்த வழக்கத்தையும் நியாயமென்று சொல்லமாட்டேன். அவ்வழக்கம் நம் நாட்டிலும் இல்லாமற் போகவில்லை. பிற்காலத்தில் ஊரார் பிள்ளைகளுக்கு இவர் செய்ததையெல்லாம் வாசிக்கும்போது, தூரத்துக் கிராமத்தில் இருந்த அந்தச் சிறுவனையும் நினைவில் வைத்து வாசியுங்கள்.

ரோமாபுரியிலே சான் லொரென்சோ என்று ஒரு பேட்டை. கட்டடக்காரர் கடன்பட்டு அரைகுறையாய் விட்டுப்போன வீடுகளிலே ஏழைகள் குடியேறியிருந்தார்கள். ஒரு கம்பெனி அவ்வீடுகளை வாங்கிப் பழுது பார்த்து வாடகைக்கு விட்டது. பெரியவர்கள் வேலைக்குப் போனார்கள். சற்று வளர்ந்த பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். மூன்று முதல் ஆறு வயதுள்ளவர்கள் புதுச் சுண்ணாம்பு அடித்த சுவர்களைச் சுரண்டிக் கொண்டிருந்தார்கள்! சுவருக்கு வருஷந்தோறும் செய்யும் செலவிலே இவர்களை ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாமே என்று கம்பெனியார் கணக்குப் போட்டார்கள். அதற்குப் பொறுப்பாக மாண்டிசோரி அம்மாளை அழைத்தார்கள். தருமத்துக்காகத் தொடங்கின காரியம் என்று நினையாதேயுங்கள். சுண்ணாம்புச் செலவுக்காகத் தொடங்கியது. 1907ஆம் ஆண்டு ஜனவரி 6ந் தேதி, மூன்று இராஜாக்கள் திருநாளன்று, மார்சி தெரு 58ஆம் எண் வீட்டிலே பாலர் இல்லம் திறக்கப்பட்டது. ஐம்பது அறுபது பிள்ளைகள். பயந்து, வெளிறி, அழுதுகொண்டு வந்து நின்றார்கள்.

இல்லத்துக்குச் சில ஒழுங்குகள் இருந்தன. தாய்மார் குறித்த நேரத்திலே, குளிப்பாட்டி, சுத்தமான துணி உடுத்திப் பிள்ளையை அனுப்ப வேண்டும். வாரம் ஒரு தரமாவது வந்து ஆசிரியையிடம் பிள்ளையைப்பற்றிப் பேச வேண்டும். ஆசிரியையும் அதே கட்டடத்திலே குடியிருக்க வேண்டும். ஏழைகளுக்குத் தூரத்திலிருந்து போதிக்கிறவள் உதவமாட்டாள் என்பது அம்மாளின் எண்ணம். நம் தாய்மார் பலர் அங்கன்வாடி வாசலிலே பிள்ளையைப் பையைப்போல் இறக்கிவைத்துவிட்டு ஓடுகிறார்கள். மில்லு சங்கும் பஸ்ஸும் காத்திருக்காது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் வாரம் ஒரு பத்து நிமிஷம் பேச்சுக்கு அங்கே இருந்த கூலிக்காரிகளுக்கும் நேரம் கிடைத்ததே.

அங்கே நடந்தவற்றை அம்மாளே தம் நூல்களிலே எழுதியிருக்கிறார். மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, மரத்துண்டிலே குடைந்த குழிகளில் உருளைக் கட்டைகளைப் பொருத்திக்கொண்டிருந்தாள். சுற்றிலும் மற்றப் பிள்ளைகளைப் பாடச்சொன்னார். அவள் தலை நிமிரவில்லை. நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார். கட்டைகளை மடியிலே சேர்த்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள். நாற்பது தரத்துக்கு மேல் செய்தபின், தூங்கி எழுந்தவள்போல் மலர்ந்த முகத்தோடு தானே நிறுத்திக்கொண்டாள். இன்னொரு நாள், சாமான் அலமாரியைப் பூட்ட மறந்துவிட்டார்கள். ஆசிரியை வருமுன் பிள்ளைகள் அதைத் திறந்து, ஆளுக்கு வேண்டியதை எடுத்து அமைதியாய் வேலை செய்துகொண்டிருந்தார்கள். திருட்டு என்று ஆசிரியை பதறினாள். அம்மாள் அன்றுமுதல் பூட்டையே நீக்கி, எட்டும் உயரத்திலே தட்டுகள் அடிக்கச் சொன்னார். பரிசாகக் கொடுத்த மிட்டாயை வாயில் போடாமல் வைத்துவிட்ட பிள்ளைகளும் இருந்தார்கள். நம் வீடுகளில் இதை நம்பமாட்டீர்கள். அம்மாளும் முதலில் நம்பவில்லை.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது மூக்குச் சிந்தும் பாடம். கைக்குட்டையால் சத்தமின்றி மூக்கைத் துடைப்பது எப்படி என்று ஒருநாள் செய்து காண்பித்தார். சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தார். அவர்களோ முடிந்ததும் கைதட்டி ஆர்ப்பரித்தார்கள். ஏனென்று பின்பு விளங்கிற்று. மூக்கு ஒழுகுகிறது என்று எல்லாரும் அவர்களைத் திட்டியிருந்தார்கள். எப்படித் துடைப்பது என்று அதுவரை ஒருவரும் கற்றுக்கொடுத்ததில்லை.

அந்த வருஷம் டிசம்பர் மாதத்தில், வெயில் நன்றாய் அடித்த ஒரு நாள், பிள்ளைகளோடு மொட்டை மாடியிலே உட்கார்ந்திருந்தார். ஐந்து வயதுச் சிறுவனிடம் சுண்ணாம்புக் கட்டியைக் கொடுத்து, எதிரே இருந்த புகைக்கூண்டின் படத்தை வரையச் சொன்னார். அவன் வரைந்தான். பிறகு அதன் கீழே ஒரு சொல்லை எழுதினான். திகைத்துப்போய், நான் எழுதுகிறேன், எழுதுகிறேன் என்று கூவினான். மற்றவர்களும் சுண்ணாம்புக்குக் கை நீட்டினார்கள். அவர்களுக்கு எழுதச் சொல்லிக்கொடுக்கவில்லை. உப்புத்தாளில் வெட்டிய எழுத்துக்களை விரலால் தடவிப் பழகியிருந்தார்கள், அவ்வளவே. கிறீஸ்து பிறந்த திருநாள் வருமுன் அந்த இல்லத்துக் கதவு, சுவர், தரை எங்கும் எழுத்துக்களாயின.

மறு வருஷம், 1908 டிசம்பர் 28ந் தேதி, மாசற்ற குழந்தைகளின் திருநாளன்று விடியற்காலையிலே மெசினா நகரைப் பூகம்பம் விழுங்கிற்று. பெற்றோரை இழந்த சுமார் அறுபது சிறுவரை ரோமாபுரியிலே ஜியூஸ்தி தெருவில் உள்ள பிராஞ்சிஸ்கு மரியாயின் மிஷனெரி கன்னியர் மடத்துக்குக் கொண்டுவந்தார்கள். அச்சபை எங்கே பிறந்தது தெரியுமா? நமது நீலகிரியிலே, உதகமண்டலத்தில்! பாடுகளின் மரியம்மாள் என்ற பிரெஞ்சு தேசத்துத் தாயாருக்கு 1877 ஜனவரி 6ந் தேதி ஒன்பதாம் பத்திநாதர் பாப்பானவர் அதற்கு உத்தரவு தந்தார். மெசினாக் குழந்தைகள் சாப்பிடாமல், தூங்காமல், பேசாமல் இருந்தார்கள். சிலருக்குத் தங்கள் பெயரும் தெரியவில்லை. கன்னியரோ அவர்களுக்கென்று சிறு மேசைகள், சிறு தட்டுகள், சிறு துடைப்பங்கள் வைத்தார்கள். மேசை போடவும், சூப் பாத்திரத்தைச் சிந்தாமல் தூக்கிவந்து பரிமாறவும், பூச்செடிக்குத் தண்ணீர் விடவும் மெதுவாய்ப் பழக்கினார்கள். சில மாதங்களிலே தோட்டத்தில் ஓடி விளையாடும் சத்தம் கேட்டது.

பிறகு உலகமெங்கும் அவர் பெயர் பரவியதை விரித்து எழுத இடமில்லை. 1912இல் தாயார் இறந்தாள். அதற்கு மறுவருஷம் பதினைந்து வயது மரியோவைத் தம்மிடம் அழைத்துக்கொண்டார். அன்றுமுதல் சாகும்வரை இருவரும் பெரும்பாலும் சேர்ந்தே இருந்தார்கள். ஆனால் வெளியார் முன் மருமகன் என்றே சொல்லி வந்தார்.

பார்சலோனா நகரிலே அவர் நடத்திய இல்லத்தில், குழந்தைகளுக்கென்றே ஒரு சிற்றாலயமும், அதை அடுத்து ஒரு கோதுமை வயலும் திராட்சைத் தோட்டமும் இருந்தன. பிள்ளைகளே விதைத்தார்கள், களை பிடுங்கினார்கள், முளையைத் தினம் போய்ப் பார்த்தார்கள். அறுவடையைத் திருநாளாகக் கொண்டாடினார்கள். அக்கோதுமை திவ்விய பலிபூசைக்கு அப்பமாயிற்று. மழையும் வெயிலும் எதற்கென்று அங்கே பாடம் நடத்தத் தேவைப்படவில்லை. ஆடிப்பட்டத்தில் அவரை விதை ஊன்றித் தையிலே காய் பறித்த நம் பாட்டிமாருக்கு இது புதுமையாய்த் தோன்றாது. டப்பாவிலே கீரை விதைத்துவைத்திருக்கும் அங்கன்வாடி ஊழியரைக் கண்டால் ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கள். கீரை வாடினாலும் குற்றமில்லை.

ஒரு குறையையும் மறைக்கலாகாது. முசோலினியின் சர்க்கார் தம் பள்ளிகளை ஆதரித்தபோது அந்த ஆதரவை ஏற்றுக்கொண்டார். குழந்தைகளுக்கு நன்மை வந்தால் எந்தக் கையிலிருந்து வந்தாலென்ன என்று நினைத்தார் போலும். பல வருஷம் நீடித்த அந்த உறவு 1934இல் முறிந்தது. பள்ளிகள் மூடப்பட்டன, அவர் தேசத்தைவிட்டுப் போனார். ஜெர்மனியிலே ஹிட்லர் ஆட்சியும் அவருடைய பள்ளிகளை மூடியது. 1936இல் ஸ்பெயின் தேசத்து உள்நாட்டு யுத்தத்துக்குத் தப்பி ஒரு பிரிட்டிஷ் கப்பலில் ஏறினார். அறுபத்தைந்தாம் வயதிலே, வீடில்லாத அகதி!

நம் தமிழ்நாட்டுக்கு வந்தது 1939ஆம் ஆண்டின் கடைசியில். அடையாறு பிரம்மஞான சபைத் தலைவர் அருண்டேலும் அவர் மனைவி ருக்மிணி தேவியும் அழைத்தார்கள். ஓலைக்கொட்டகையிலே 300க்கும் மேற்பட்டோர் உட்கார, அம்மாள் இத்தாலிய பாஷையில் பேச, மரியோ இங்கிலீஷில் சொன்னார். சில மாதத்துக்கென்று வந்தவர்களை யுத்தம் பிடித்துக்கொண்டது. 1940 ஜூனில் இத்தாலி யுத்தத்தில் சேர்ந்ததும், சத்துரு தேசத்துப் பிரஜை என்று மரியோவைச் சிறைமுகாமுக்குக் கொண்டுபோனார்கள். தாயை அடையாறு எல்லைக்குள்ளே இருக்கச் சொன்னார்கள்.  ஆகஸ்டு 31ந் தேதி அவருடைய எழுபதாம் பிறந்தநாள். அன்று இராஜப்பிரதிநிதியிடமிருந்து செய்தி வந்தது: பிறந்தநாள் பரிசாக உங்கள் மகனைத் திருப்பி அனுப்புகிறோம் என்ற கருத்துப்பட இருந்ததாய்ச் சொல்லுகிறார்கள். நாற்பத்திரண்டு வருஷமாய் அவர் ஊரறியச் சொல்லக் கூசின அந்தச் சொல்லை, ஓர் அந்நிய சர்க்கார் காகிதத்தில் எழுதி அனுப்பிற்று.

பின்பு கோடைக்கானலிலே சில வருஷம் வசித்து, சிறு பிள்ளைகளும் பெரிய பிள்ளைகளும் கலந்த ஒரு பள்ளி நடத்தினார். நம் நாட்டுத் தாய் இடுப்பிலே குழந்தையை வைத்துக்கொண்டு சந்தை, கிணறு, கலியாணம் எங்கும் போவதைக் கவனித்தார். அப்படிப் போகிற குழந்தை ஒருவரும் போதியாமலே பாஷையையும் உலகத்தையும் உறிஞ்சிக்கொள்கிறது என்ற கருத்தை விரித்துச் சொற்பொழிவுகள் செய்தார். அவை 1949இல் அடையாறிலே புத்தகமாக அச்சாயின. 1946இல் ஐரோப்பாவுக்குத் திரும்பினாலும், மறுபடி இந்தியாவுக்கு வந்து போனார்.

1952ஆம் ஆண்டு மே மாதம் 6ந் தேதி ஹாலந்து தேசத்திலே, நோர்ட்வெய்க் என்னும் கடற்கரை ஊரில், தமது எண்பத்தோராம் வயதிலே காலஞ்சென்றார். ஆப்பிரிக்காவுக்குப் பயணம் போவதைப்பற்றிக் கடைசிநாளிலும் பேசிக்கொண்டிருந்தார் என்கிறார்கள். அவ்வூர்க் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்திலே அடக்கம் செய்தார்கள். அவருடைய மரணசாசனத்தைப் பிரித்துப் பார்த்தபோது, தமக்குள்ளது அனைத்தையும் மரியோவுக்கு எழுதி வைத்திருந்தார். அதில் மருமகன் என்று இல்லை. மகன் என்றே எழுதியிருந்தது. அந்த மகன் தாயின் வேலையை இன்னும் முப்பது வருஷம் நடத்தி, 1982இல் இறந்தார்.