கரியில் பஸ் ஓட்டிய டி.வி.எஸ்.!

தஞ்சை மாவட்டம் பாபநாசத்தில் இருந்து ஒருவர் புதுக்கோட்டைக்குப் போகவேண்டும். இன்று அது பெரிய காரியம் அல்ல. காலையில் புறப்பட்டால், வேலையை முடித்துக்கொண்டு பொழுது சாய வீடு திரும்பிவிடலாம்.

1912-ம் ஆண்டுக்கு முன்பு அப்படி அல்ல. பாபநாசத்தில் ரெயில் ஏறித் தஞ்சாவூரில் இறங்கலாம். அதற்கு அப்பால்? புதுக்கோட்டை அப்போது தொண்டைமான் மன்னரின் சமஸ்தானம். அங்கே ரெயில் கிடையாது. சுமார் 60 கிலோமீட்டர் தூரம். மாட்டு வண்டியில்தான் போகவேண்டும்.

1912-ல் அந்தச் சாலையில் மோட்டார் பஸ் ஓடத் தொடங்கியது. அதை விட்டவர் டி.வி.சுந்தரம் அய்யங்கார். டி.வி.எஸ். என்று எல்லோரும் சொல்லுகிறோமே, அந்தப் பெயருக்கு உரியவர் அவர்தான்.

வக்கீல் வேலை வேண்டாம்

நெல்லைச் சீமையில் உள்ள திருக்குறுங்குடியில், 1877-ம் ஆண்டு மார்ச் 22-ந்தேதி அவர் பிறந்தார். முதலில் வக்கீல் தொழில் பார்த்தார். பிறகு ரெயில்வேயில் வேலை செய்தார். பாங்கியிலும் இருந்தார். எதிலும் அவர் மனம் நிலைக்கவில்லை.

கைநிறையச் சம்பளம் வரும் உத்தியோகத்தை விட்டுவிட்டு, ஊர் பேர் தெரியாத தொழிலில் இறங்குவது லேசான காரியமா? மோட்டார் வண்டியைக் கண்ணால் பார்க்காதவர்களே அந்நாளில் அதிகம். வண்டி நடுவழியில் நின்றால் உதவிக்கு ஆள் கிடையாது. உடைந்த சாமானுக்கு மாற்றுச் சாமான் கப்பலில் வரவேண்டும். ஆகவே, வண்டியை வாங்கினால் மட்டும் போதாது, அதைப் பழுது பார்க்கவும் தெரியவேண்டும். இதை அவர் நன்றாகப் புரிந்துகொண்டார்.

பஸ் தொழில் வளர்ந்தது. மதுரை அவருடைய தலைமை இடம் ஆயிற்று. குறித்த நேரத்தில் பஸ் வரும் என்று பெயர் எடுத்தார். டி.வி.எஸ். பஸ்சைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருப்பி வைத்தார்கள் என்று மதுரைப் பக்கத்தில் சொல்வது உண்டு.

பெட்ரோல் பஞ்சம்

இரண்டாவது உலக யுத்தம் வந்தது. 1941-ல் இந்தியாவில் பெட்ரோலுக்கு ரேஷன் ஏற்பட்டது. 1942-ல் ஜப்பான் படைகள் பர்மாவுக்குள் புகுந்தன. எதிரி கையில் சிக்கக்கூடாது என்று பர்மாவின் எண்ணெய்க் கிணறுகளை ஆங்கிலேயரே நாசம் செய்தார்கள். அங்கிருந்து வந்த எண்ணெய் நின்றது. மலேயாவும் வீழ்ந்ததால் ரப்பருக்கும் தட்டுப்பாடு.

புது வண்டி வாங்கலாம் என்றால், தொழிற்சாலைகள் எல்லாம் ராணுவ லாரி செய்துகொண்டு இருந்தன. கனடா நாடு மட்டும் 8 லட்சத்துக்கு மேல் ராணுவ வண்டிகளைச் செய்தது. ஊர் மக்களுக்கு ஏது வண்டி?

பஸ் நின்றால் என்ன ஆகும்? நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது. விளைந்தது சந்தைக்குப் போகாது. டிரைவர், கண்டக்டர், மெக்கானிக் குடும்பங்களில் அடுப்பு எரியாது.

எஞ்சின் ஒன்றுதான்; தீனி வேறு!

அய்யங்கார் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. பெட்ரோல் இல்லாவிட்டால், அதே எஞ்சினைக் கரியில் ஓட்டலாம் என்று முடிவு செய்தார். அதற்கான கருவியைத் திட்டமிட்டுத் தயாரித்தார். டி.வி.எஸ். காஸ் பிளாண்ட் என்பது அதன் பெயர்.

அது எப்படி வேலை செய்தது?

வண்டியோடு ஓர் இரும்பு உருளையைப் பொருத்துவார்கள். அதில் அடுப்புக் கரியைக் கொட்டித் தீ மூட்டுவார்கள். காற்றைக் குறைவாக விட்டால், கரி முழுதாக எரியாமல் ஒரு வாயு உண்டாகும். அந்த வாயுவைக் குளிரவைத்து, சாம்பலையும் தூசியையும் வடிகட்டி, காற்றோடு கலந்து எஞ்சினுக்குள் அனுப்பவேண்டும். பெட்ரோல் ஆவி எரிவதுபோல அது எஞ்சினுக்குள் எரியும். பஸ் ஓடும்!

இதில் கஷ்டங்களும் உண்டு. பஸ் புறப்படுவதற்கு வெகுநேரம் முன்பே கரியை மூட்டி, விசிறியைக் கையால் சுற்றவேண்டும். எஞ்சினின் பலம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிடும். மேடு வந்தால் வண்டி திணறும். வடிகட்டியைச் சுத்தம் செய்யாவிட்டால், சாம்பல் புகுந்து எஞ்சினைத் தேய்த்துவிடும்.

ஆபத்தும் இருந்தது. கும்முட்டி அடுப்பை மூடிய அறையில் வைத்துத் தூங்கக்கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள் அல்லவா? அந்த அடுப்பில் இருந்து வரும் விஷவாயுதான் பஸ்சையும் ஓட்டியது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆகவே திறந்த வெளியில் வைத்துத்தான் மூட்டவேண்டும்.

இவ்வளவு தொல்லை இருந்தும், கரி பஸ் ஓடியது. மக்கள் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். பழைய டயருக்குப் புது ரப்பர் போடும் தொழிற்சாலையையும் அய்யங்கார் ஏற்படுத்தினார்.

ராணுவ லாரி ஊருக்கு வந்தது

1945-ல் யுத்தம் முடிந்தது. ராணுவம் கழித்த ஃபோர்டு, செவ்ரோலெட் லாரிகள் ஏலத்துக்கு வந்தன. அவற்றை வாங்கியவர்கள் எஞ்சினைப் பிரித்துப் பழுது பார்த்தார்கள். மரச்சட்டம் அடித்துக் கூண்டு கட்டினார்கள். பீரங்கி இழுத்த வண்டி நெல் மூட்டை சுமந்தது, பயணிகளையும் ஏற்றியது. யுத்தகாலத்தில் கரியோடு மல்லாடிப் பழகிய மெக்கானிக்குகளுக்கு இது கைவந்த கலையாக இருந்தது.

இன்று அத்தகைய பழைய ராணுவ லாரிகளைத் தேடிப் பிடித்து, ஆசையோடு புதுப்பிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அன்று அதை ஆசைக்காகச் செய்யவில்லை. வேறு வழி இல்லாததால் செய்தார்கள்.

சுந்தரம் அய்யங்கார் 1955-ம் ஆண்டு ஏப்ரல் 28-ந்தேதி கொடைக்கானலில் காலமானார். அப்போது அவருக்கு வயது 78. காந்திகிராமத்தை உருவாக்கிய டாக்டர் சவுந்தரம் அவருடைய மகள். 1970-களில் பஸ்கள் அரசுடைமை ஆயின. பிள்ளைகளும் பேரன்மார்களும் மோட்டார் உறுப்புகள் செய்யும் தொழிலை வளர்த்தார்கள்.

பெட்ரோல் இல்லை என்று அவர் பஸ்சை நிறுத்தி இருந்தால் யாரும் குறை சொல்லி இருக்கமாட்டார்கள். ஆனால், சாலை ஓரத்தில் மூட்டை முடிச்சோடு பஸ்சுக்குக் காத்திருந்தவர்கள் ஏமாந்து வீடு திரும்பி இருப்பார்கள். அவர்களுக்காக அவர் கரியை மூட்டினார்.